வறண்ட காலத்தில் புல்தரைக் களை: எதை இப்போது செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

மாசி பிறந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டு முன்னால் புல்தரை வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான். காசு கொடுத்துப் பதித்த புல் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். அதன் நடுவே பச்சைப்பசேலென்று நிற்பதெல்லாம் களையாக இருக்கும். ஊற்றிய தண்ணீரையெல்லாம் களை குடித்துவிட்டது என்று முடிவுகட்டி, உரக்கடையில் ஒரு களைக்கொல்லியை வாங்கிவந்து, ஏறுவெயிலில் தெளித்தும்விடுவார்கள். களை இரண்டு நாள் வாடிவிட்டுத் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். புல்தான் இன்னும் கொஞ்சம் கருகியிருக்கும்.

புதிதாகப் புல்தரை போட்டவர்களுக்காக எழுதுகிறேன். வறண்ட மாதங்களில் நம் கையில் இருக்கும் வேலை இரண்டே இரண்டு. களை விதை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புல்லின் வேரை மழை வரும்வரை உயிரோடு காப்பாற்ற வேண்டும். மருந்தடித்துக் கொல்வதற்கு வேறு பருவம் இருக்கிறது. அதை இப்போதே செய்யப் போனால் பணமும் போகும், புல்லும் போகும்.

களை மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது?

முதலில் ஒரு விஷயம். காய்ந்துபோன புல்லெல்லாம் செத்துப்போன புல் இல்லை. நம் ஊரில் புல்தரைக்கு வைப்பது பெரும்பாலும் அருகம்புல்லின் வகைகள்தான். பெர்முடா என்று நர்சரியில் விற்பதும் அருகின் இனமே. கொரியன் புல் என்று விற்பது வேறு இனம், மெல்ல வளரும். தண்ணீர் கிடைக்காதபோது அருகு தன் இலைகளைக் கைவிட்டுவிட்டு, தரையோடு ஓடும் தண்டிலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டிலும் உயிரை வைத்துக்கொண்டு உறங்கும். சந்தேகமாக இருந்தால் ஓடு தண்டு ஒன்றைப் பிடுங்கிக் கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ ஈரம் தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. சருகுபோல் நொறுங்கினால்தான் போய்விட்டது என்று பொருள்.

ஆகவே மாசி, பங்குனியில் களை திடீரென்று பெருகிவிட்டதாகத் தோன்றுவதில் பாதி கண்மயக்கம். ஐப்பசியிலும் அந்தக் களை அங்கேதான் இருந்தது. அப்போது புல்லும் பச்சை, களையும் பச்சை, கண்ணில் படவில்லை. இப்போது புல் பழுப்பாகிவிட்டதால் களை எங்கெங்கே இருக்கிறது என்பது வரைபடம் போட்டதுபோல் தெரிகிறது. இந்த ஒரு உதவியை வறட்சி நமக்குச் செய்கிறது. கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு எங்கே கவனிக்க வேண்டும் என்பதற்கு அதுவே குறிப்பு.

மீதிப் பாதி உண்மையானது. வெயில் காலத்தில் தழைக்கும் களைகள் பலவும் சி-4 என்று தாவரவியலில் சொல்லப்படும் கூட்டத்தைச் சேர்ந்தவை. இலையில் உள்ள நுண்துளைகளைத் திறந்தால்தான் செடிக்குக் காற்றிலுள்ள கரியமில வாயு கிடைக்கும். திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும். சி-4 செடிகள் குறைவாகத் திறந்து, வேண்டிய கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்ளும் வித்தை தெரிந்தவை. நெருஞ்சி, கோரை, சாரணை, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, பருப்புக்கீரை எல்லாம் இந்த வகைதான். இவற்றில் பருப்புக்கீரை ஒருபடி மேலே போய், தண்ணீர் மிகவும் குறைந்தால் கள்ளியைப்போல் இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவைச் சேர்த்துவைக்கும் முறைக்கு மாறிக்கொள்ளவும் செய்யும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அருகம்புல்லும் சி-4 செடிதான். நெருஞ்சியின் கையிலுள்ள ஆயுதம் அதன் கையிலும் இருக்கிறது. 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துவது சும்மா இல்லை. மண் இடம் கொடுத்தால் அருகின் வேர் நாலைந்து அடி ஆழம்கூடப் போகும். அப்படிப்பட்ட புல் நெருஞ்சியிடம் தோற்கிறது என்றால், அதன் வேரை ஆழமாகப் போகவிடாமல் நாம் ஏதோ செய்திருக்கிறோம். அந்த 'ஏதோ' இரண்டு: ஒட்ட வெட்டுவது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பது.

தண்ணீரும் வெட்டும்

மாலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் தெளித்துவிட்டு வருவது மனத்துக்கு இதமான வேலை. புல்லுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நம் செம்மண் வெயிலில் இறுகிக் கிடக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் ஒரு விரல்கடை ஆழம் நனைவதற்குள் வழிந்தும் ஆவியாகியும் போய்விடும். ஈரம் மேலேயே நிற்பதால் புல்லின் வேரும் மேலேயே நின்றுவிடுகிறது. அந்த ஒரு விரல்கடை ஈரம் யாருக்குப் போதும் என்றால், மேல்மண்ணில் முளைக்கக் காத்திருக்கும் களை விதைக்குத்தான். தினமும் தெளிப்பவர் உண்மையில் களைக்கு நாற்றங்கால் போடுகிறார்.

அதனால் குறைந்த தடவை, நிறைய ஊற்றுங்கள். கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். வெயில் காலத்தில் பச்சையாக இருக்க அருகுக்கு வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி இடம் என்றால் ஏறக்குறைய 230 லிட்டர். வாரம் ஒருமுறை அல்லது இரண்டு பங்காகப் பிரித்து, விடியற்காலையில் ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் செம்மண் உறிஞ்சாது. பாதி ஊற்றி, அரைமணி நேரம் விட்டு, மீதியை ஊற்றினால் இறங்கும். இறங்கியதா என்று பார்க்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். மறுநாள் தரையில் அழுத்தினால் அரையடி ஆழம் தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். பாதியிலேயே 'டக்'கென்று நின்றால் ஈரம் அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். அடுத்து எப்போது ஊற்றுவது என்பதைப் புல்லே சொல்லும். நடந்து போனால் மிதித்த புல் நிமிராமல் காலடித் தடம் அப்படியே கிடந்தால் அது தாகத்தில் இருக்கிறது.

அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆழ்துளைக் கிணறு வற்றிப்போன வீட்டில் புல்லைப் பச்சையாக வைத்திருப்பேன் என்று அடம்பிடிக்கத் தேவையே இல்லை. உறங்கவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மண்ணை நனைத்துவிட்டால் கணுக்கள் உயிரோடு இருக்கும். அதற்கு மேல் அது கேட்காது. நிலத்தடி நீரில் புளோரைடு கலந்த மாவட்டங்கள் என்பதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தண்ணீரைப் பிடித்துப் புல்லுக்கு விடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: உறங்கவிடுவது என்று முடிவெடுத்தால் உறங்கவிட வேண்டும். பத்து நாள் ஊற்றிப் பச்சையாக்கி, பத்து நாள் மறந்து காயவிட்டு, மறுபடி ஊற்றினால் புல் ஒவ்வொரு முறையும் தன் சேமிப்பைச் செலவழித்துத் துளிர்த்துக் கடைசியில் உண்மையாகவே செத்துவிடும்.

வெட்டும் உயரத்தை வெயில் காலத்தில் கூட்ட வேண்டும். மற்ற நாளில் ஒரு அங்குலத்துக்கு வெட்டுகிறவர்கள் இப்போது இரண்டு அங்குலம் விடலாம். இலை நீளமாக இருந்தால் வேரும் ஆழமாகப் போகும்; தரைக்கு நிழலும் விழும். கோரை உட்படப் பல களைகளுக்கு நிழல் ஆகவே ஆகாது. எந்தத் தடவையும் இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. காய்ந்து உறங்கும் புல்லை வெட்டவே வேண்டாம். யூரியாவும் வேண்டாம். ஈரமில்லாத மண்ணில் யூரியா போட்டால் புல் கருகும். தப்பித்தவறி ஈரம் கிடைத்தால் அதை முதலில் தின்பது களைதான்.

களைக்கொல்லி ஏன் இப்போது வேண்டாம்

இலைவழியாக வேலை செய்யும் களைக்கொல்லிகள் செடியின் உடம்புக்குள் ஓட வேண்டும். இலை உறிஞ்சி, உணவு ஓடும் பாதையில் வேர்வரை போனால்தான் முழுச்செடியும் சாகும். வறட்சியில் இருக்கும் செடி தன் இலைமேல் மெழுகுப் பூச்சைக் கூட்டிக்கொள்கிறது, துளைகளை மூடிக்கொள்கிறது, உள்ளே நடக்கும் ஓட்டத்தையும் மந்தமாக்கிக்கொள்கிறது. மருந்து உள்ளே போகாது. போனாலும் வேரை எட்டாது. இலை மட்டும் கருகி, இரண்டு வாரத்தில் அடியிலிருந்து துளிர்க்கும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. மருந்தும் கலப்படம் இல்லை. காலம்தான் தப்பு.

இன்னொரு பக்கம், அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி போன்ற மருந்துகளைப் புல் தாங்கிக்கொள்வது அது நல்ல நிலையில் இருக்கும்போது மட்டுமே. தாகத்தில் தவிக்கும் புல்லுக்கு அந்தத் தாங்கும் சக்தி இருப்பதில்லை. வெயில் 30 டிகிரியைத் தாண்டும்போது 2,4-டியின் எஸ்டர் வகை ஆவியாகிக் காற்றோடு போகும் ஆபத்தும் உண்டு. இதை நம் மாவட்டங்களில் இருப்பவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். தக்காளி இந்த மருந்தின் வாடைக்கே இலை சுருண்டு திருகிக்கொள்ளும் செடி. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் ஊரைச் சுற்றித் தக்காளித் தோட்டம். ஓசூர்ப் பக்கம் ரோஜா. உங்கள் வீட்டுப் புல்தரையில் அடித்தது பக்கத்து வயலில் போய் உட்கார்ந்தால், அழகுக்காக வளர்த்த புல் ஒருவருடைய மகசூலைக் கெடுத்ததாக ஆகிவிடும்.

கிளைபோசேட் களையையும் புல்லையும் பிரித்துப் பார்க்காது, பட்டதையெல்லாம் கொல்லும். பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே அதைத் தெளிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் அறிவித்தும் இருக்கிறது. வீட்டுப் புல்தரையில் அதற்கு வேலையே இல்லை. களை முளைக்காமல் தடுக்கும் பென்டிமெத்தலின் போன்ற மருந்துகளும் காய்ந்த மண்ணில் வீண். அவை மண்ணின் மேல்படலத்தில் கரைந்து இறங்குவதற்கு மழையோ பாசனமோ வேண்டும். மேலேயே கிடந்தால் வெயிலில் சிதைந்து போகும்.

உப்பைத் தூவுவது, கொதிநீர் ஊற்றுவது போன்ற கைவைத்தியங்களையும் பலர் சொல்வார்கள். கல் இடுக்கில் முளைத்ததற்குக் கொதிநீர் சரி. உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கழுவி எடுத்துப்போக மழையில்லாத மாதத்தில் தூவிய உப்பு அந்த இடத்தில் அருகைக்கூட முளைக்க விடாது.

கையால் எடுப்பது

வறட்சியில் மீதமிருக்கும் நல்ல வழி இதுதான். வேலை கடினம் என்பதை மறைக்கப் போவதில்லை. காய்ந்த செம்மண்ணில் களையைப் பிடித்து இழுத்தால் தண்டு கையோடு வரும், வேர் மண்ணோடு நிற்கும். ஆகவே முதல் நாள் மாலை களை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு குடம் தண்ணீர் விட்டு ஊறவைத்து, காலையில் களைக்கொத்தோடு உட்கார வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க முடியாது. பூத்திருப்பதை முதலில் எடுங்கள். விதை விழுந்துவிட்டால் இந்த வருட வேலை பல வருட வேலையாகிவிடும்.

நெருஞ்சிக்கு முதலிடம். முளைத்த மூன்று நான்கு வாரத்தில் மஞ்சள் பூ வந்துவிடும், அடுத்து முள். செடி தட்டுப்போல் தரையோடு படர்ந்திருந்தாலும் எல்லாக் கொடியும் நடுவில் ஒரே இடத்தில் கூடும். கொடிகளைச் சுருட்டித் தூக்கிவிட்டு அந்த நடுமுடிச்சுக்குக் கீழே ஒரு அங்குல ஆழத்தில் கொத்தைச் சாய்த்து ஆணிவேரை வெட்டினால் போதும், திரும்ப வராது. முள்காய் பழுத்திருந்தால் தொட்டதும் ஐந்து துண்டாக உடைந்து சிதறும்; ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட விதைகள். அவற்றை விரலால் பொறுக்கி மாளாது. பழைய கம்பளியை விரித்து அதன்மேல் செருப்புக் காலோடு நடந்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள். அடியில் முள்ளெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

கோரை வேறு சாதி. அதைப் புல் என்று நினைத்துப் பலர் வளர்த்துக்கொண்டே இருப்பார்கள். பூந்தண்டை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டுங்கள். உருளாமல் மூன்று முனை இடறினால் கோரை. மேலே பிடுங்குவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. நனைந்த மண்ணில் அரையடி ஆழத்துக்கு ஒரு கட்டியாகத் தோண்டி எடுத்து, கையால் உதிர்த்துப் பார்த்தால் புரியும். கறுத்த சிறு கிழங்கு, அதிலிருந்து கம்பிபோன்ற வேர்த்தண்டு, அதன் நுனியில் இன்னொரு கிழங்கு, அதிலிருந்து மற்றொன்று. நகத்தால் கீறினால் நாட்டு மருந்துக் கடை வாசம் அடிக்கும். மேல் கிழங்கின் முளை இருக்கும்வரை அடுத்தவை பல உறங்கிக்கொண்டே இருக்கும். நாம் மேலே பறித்ததும் அவை விழிக்கும். ஒரு முறை பிடுங்கினால் இரண்டாக முளைக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் கோரைக்கிழங்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. மண்ணுக்கு மேலே வெயிலில் கிடந்தால் உலர்ந்து செத்துவிடும். நம் உழவர்கள் கோடை உழவு ஓட்டிக் கோரையை வெயிலில் புரட்டிப்போடுவது அதனால்தான். புல்தரையில் ஏர் ஓட்ட முடியாது. ஆனால் கோரையே முழுவதுமாக ஆக்கிரமித்துவிட்ட மூலை ஏதேனும் இருந்தால், அந்த இடத்துப் புல்லை மறந்துவிட்டு அரையடி கொத்திப் புரட்டிப் பங்குனி, சித்திரை வெயிலில் காயவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி புரட்டிவிட வேண்டும். வறண்ட காலம் நமக்குத் தரும் இன்னொரு வசதி இது; மழைக்காலத்தில் செய்தால் ஒவ்வொரு கிழங்கும் நட்ட கிழங்காகிவிடும்.

கோரையில்லாமல் விதைக் களை மட்டும் மண்டிய வெற்றிடம் என்றால் மண்ணை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து, நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டுவிடலாம். கறுப்புத் தாளைவிடக் கண்ணாடிபோன்ற தாள்தான் உள்ளே சூட்டைக் கூட்டும். மேல்மண்ணில் கிடக்கும் விதைகளில் பெரும்பகுதி வெந்து போகும்.

பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும் செடி அது. அதைத் தின்பதற்காக மெக்சிகோவிலிருந்து தருவித்து 1984இல் பெங்களூரில் விடப்பட்ட வண்டு பின்னர் பல பகுதிகளுக்கும் பரவியிருக்கிறது. ஆனால் வறண்ட மாதங்களில் அது மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடும். மழைக்குத்தான் மேலே வரும். மாசியில் அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

மூக்கிரட்டை, பருப்புக்கீரை, கீழாநெல்லி இவற்றைக் களை என்று எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மருந்தடிக்காத இடமாக இருந்து, அடையாளமும் நிச்சயமாகத் தெரிந்தால், முதல் இரண்டையும் பறித்துக் கடைந்துவிடலாம்.

மழை வந்த பிறகு

சித்திரை, வைகாசியில் ஒன்றிரண்டு கோடை மழை விழுந்ததும் புல் துளிர்க்கும். மண்ணில் கிடந்த களை விதைகளும் ஒருசேர முளைக்கும். இந்த இரண்டு மூன்று வாரம்தான் ஆண்டிலேயே முக்கியமான காலம். இரண்டிலை, நாலிலைப் பருவத்தில் இருக்கும் களையைக் கொத்து இல்லாமல் விரலாலேயே எடுத்துவிடலாம். மருந்து அடித்தே தீர வேண்டும் என்பவர்களுக்கும் நேரம் இதுதான்: மண்ணில் ஈரம் இருந்து, களை வளர்ந்துகொண்டிருக்கும்போது, காற்றில்லாத குளிர்ந்த காலையில், அடிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னும் பின்னும் புல்லை வெட்டாமல். எந்தப் புல்லுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பாட்டில் லேபிளில் பார்க்காமல் அடிக்க வேண்டாம். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ களைச்செடியை வேரோடு கொண்டுபோய்க் காட்டிக் கேட்பது கடைக்காரரின் யோசனையைவிட நம்பகமானது.

களை எடுத்த இடம் வெற்றிடமாகவே கிடந்தால் அடுத்த களைக்குப் பாய் விரித்தாயிற்று. மழை தொடங்கியதும் நல்ல இடத்திலிருந்து அருகின் ஓடு தண்டுகளை இரண்டு மூன்று கணு இருக்குமாறு வெட்டி, சாண் இடைவெளியில் ஊன்றி, மிதித்துவிடுங்கள். பள்ளத்தை நிரப்ப மண் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஏரி வண்டல் சத்தானது என்று ஒரு டிராக்டர் கொட்டிவிடுவார்கள். அதில் கோரைக்கிழங்கும் சேர்ந்து வரும். மட்காத ஆட்டெருவும் அப்படித்தான், ஆடு தின்ற காட்டின் விதையெல்லாம் அதில் இருக்கும். வண்டலைக் கொட்டுவதற்கு முன் ஒரு வாளி எடுத்து ஈரமாக நிழலில் வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து நாளில் என்ன முளைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பிடுங்கிய களைகளில் பூக்காததை எருக்குழியில் போடலாம். கோரைக்கிழங்கை அங்கே போட்டால் குழியே கோரைப் பண்ணை ஆகிவிடும். மொட்டைமாடி சிமெண்டுத் தளத்தில் பரப்பி, கிழங்கு சுருங்கி இறுகி எடையே இல்லாமல் போகும்வரை காயவைத்த பிறகு வீசுங்கள். நெருஞ்சி முள்ளையும் பூத்த பார்த்தீனியத்தையும் சாக்கில் கட்டி வைக்கலாம். தெருவோரத்தில் கொட்டினால் அடுத்த மழைக்குத் தண்ணீரோடு அதே வாசலுக்குத் திரும்பி வரும்.